நடவுக்காகத் தள்ளிப்போன ஊசி

மணிமொழி டீச்சர் போய்ட்டாங்க. இன்னிக்குக் காலையில... தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில.

எங்க ஸ்கூல் பாட்டனி டீச்சர். நான் ஸுவாலஜி. ரெண்டு பேருக்கும் ஒரே லேப், ஒரே பீரோ. ஆளாளுக்கு ஃபோன் பண்ணி என்னாச்சுன்னு கேக்கறீங்க, திரும்பத் திரும்ப சொல்ல முடியல. ஒரு தடவை எழுதிடறேன்.

ப்ளஸ் ஒன் ப்ராக்டிகல்னா அவங்க ராஜ்ஜியம்தான். பெரிய வெங்காயத்தை தண்ணி பாட்டில் வாயில உக்கார வெப்பாங்க. வேர் விட்டதும் காலையிலயே நுனியை வெட்டணும், அப்பதான் செல் நல்லா பிரியும்னு என்னையும் சீக்கிரம் வரச் சொல்லி உயிரை எடுப்பாங்க.

சிவப்புச் சாயம் போட்டு, மேல கண்ணாடி வெச்சு, கட்டைவிரலால ஒரு அழுத்து. மைக்ராஸ்கோப்ல பாத்தா குரோமோசோம் எல்லாம் நடுவுல வரிசை கட்டி நிக்கும். பக்கத்து செல்லுல நூல் மாதிரி இழை வந்து ரெண்டு பக்கமும் சரிபாதியா இழுத்துட்டுப் போயிருக்கும். அப்புறம் நடுவுல ஒரு சுவர். ஒண்ணு ரெண்டாச்சு.

"பாத்துக்குங்கடி, இதுதான் பங்கு பிரிக்கற லட்சணம். கேஸ் இல்ல, அடிதடி இல்ல"ன்னு சிரிப்பாங்க.

"ஏன் டீச்சர் பிரியணும்? பெருசாவே இருந்துட்டுப் போகட்டுமே"ன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு.

"ரொம்பப் பெருத்தா உள்ள வரைக்கும் சோறு தண்ணி போய்ச் சேராதுடி. புண்ணு ஆறணும், தோல் உதிர்ந்தா புதுசு வேணும். வேலை முடிஞ்சா தானா நிறுத்திக்கும்."

அவங்க உடம்புல நிறுத்திக்கல. கழுத்துல நெறி கட்டின மாதிரி ஆரம்பிச்சுது... லிம்ஃபோமா, நெறியில வர்ற கேன்சர்.

போட்ட ஊசியில ஒண்ணு நித்தியகல்யாணியிலேருந்து எடுக்கறதாம். நம்ம கொல்லையில ஆடுகூட வாய் வைக்காத செடி. அது அந்த இழையைக் கட்ட விடாது. குரோமோசோம் நடுவுலயே நின்னுடும், செல் பிரிய முடியாம செத்துடும். "வேகமா பிரியற செல் எதுவானாலும் அடிக்கும்டி, முடி வேர் உட்பட"ன்னு மொட்டைத் தலையைத் தடவிக்கிட்டே பாடம் நடத்தினாங்க. பெட்ல படுத்துக்கிட்டு. எனக்கு!

அப்புறம் அந்த நிலம்...

அவங்க அப்பா பழைய செங்கொடிக் கட்சிக்காரர். குத்தகைக்காரங்க பேரை சர்க்கார் பதிஞ்சப்போ முதல் ஆளா போய் நின்னு பதிஞ்ச கோயில் நிலம், வலங்கைமான் பக்கம். அவருக்கப்புறம் டீச்சர் பேர்ல வந்துச்சு. அதை வளைக்க ஊர்ல ஒரு பெரிய புள்ளி கேஸ் போட்டிருந்தார். வாத்தியாரம்மா சாகுபடியே பண்றதில்லன்னு.

அந்த ஊர் வழக்கம், குத்தகை யார் பேர்ல இருக்கோ அவங்க நடவன்னிக்கு வரப்புல நிக்கணும். முதல் நாத்து அவங்க கையால வைக்கணும். நின்னதைப் பாத்தவங்கதான் நாளைக்கு சாட்சி.

வாய்க்கால்ல முறை வெச்சுதான் தண்ணி விட்டாங்க. இவங்க முறை வந்தது சரியா ஊசி போட வேண்டிய வாரம். வீட்டுக்காரர் துபாய்ல.

"நடுவுல விட்டா மிச்சம் இருக்கற செல் திரும்பப் பிரிய ஆரம்பிச்சுடும்னு நீங்கதானே சொன்னீங்க? அது என்ன கோர்ட்டா டீச்சர், வாய்தா குடுக்க?" அவங்க வாசல்ல நின்னு கத்தினேன். தெருவே பாத்துச்சு.

"தெரியும்டி. தரிசா விட்டா அப்பா வாங்கிக் குடுத்த உரிமை போயிடும். ஒரு வாரம்தானே..."

தலையில துண்டைக் கட்டிக்கிட்டு வெயில்ல நின்னாங்க. குனிஞ்சு நாத்தும் வெச்சாங்க. மறுநாள் ஜுரம். ஊசி இன்னும் தள்ளிப்போச்சு. கட்டி திரும்ப வந்துடுச்சு.

அதனாலதானான்னு டாக்டர் சொல்லல. எனக்கும் கேக்கத் தெம்பில்ல.

சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போய்ட்டு வந்தேன். வழியில வயலையும் பாத்தேன், பயிர் நல்லா தூர் கட்டியிருக்கு. கேஸ் முடியல, அடுத்த மாசம் வாய்தா. அன்னிக்கு கோர்ட்டு வாசல்ல "மணிமொழி"ன்னு கூப்பிடுவாங்க...

அழுகை வரல மணிமொழி டீச்சர். கோவம்தான் வருது. அதுவும் கொஞ்ச நேரம்தான், அப்புறம் ஒரே அசதி.

திங்கக்கிழமை ப்ளஸ் ஒன் ப்ராக்டிகல். வெங்காயம் வெச்சிருக்கேன், வேர் விட்டுடுச்சு. காலையிலயே வெட்டிடறேன்.

நீங்க தூங்குங்க.