உதட்டுக்கு அளவெடுத்தவள்

டப்பிங் கூடத்தில் அவளுக்குப் பெயர் 'கமா'. வேற்றுமொழிப் படங்களுக்கு வசனம் மாற்றி எழுதுவது அவள் வேலை. ஒரு கமா இடம் மாறினால் அரைமணி நேரம் மல்லுக்கு நிற்பாள். சத்தத்தை அணைத்துவிட்டு, நடிகரின் உதடு எங்கே ஒட்டுகிறது, எங்கே பிரிகிறது என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள். ஒட்டுகிற இடத்தில் 'ப'வோ 'ம'வோ வந்து உட்கார வேண்டும். பத்து வருடமாக இதே பிழைப்பு. படத்தில் அவள் பெயர் வராது.

சொந்தமாக எழுத வேண்டும் என்ற வெறி அவளுக்கு வந்தது ஒரு சண்டையால். அப்பா போன பிறகு, வீட்டை விற்பதா வேண்டாமா என்று அக்காவோடு முட்டிக்கொண்டு, எட்டு மாதம் ஒரே வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் அக்கா சுவரைப் பார்த்து, "குளிக்கிறவங்க குளிக்கலாம், தண்ணி சூடா இருக்கு" என்றாள். கோபம் தலைக்கேறிய நிலையிலும் அதை ஓடிப்போய் எழுதி வைத்தாள் கமா. சண்டை தீர்ந்தது. பேசாத அக்கா தங்கையின் கதை மிஞ்சியது. காலையில் வேலைக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம், துணிக்கு இஸ்திரி போட்டபடியே வசனங்களைச் சொல்லிப் பார்த்து, நாக்கில் தட்டுவதையெல்லாம் வெட்டினாள். ஒன்றரை வருடத்தில் முடித்து, எல்லோரும் 'பெரியவர்' என்று அழைக்கும் இயக்குநரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இன்னும் பழுக்கவில்லை என்று சொல்லி அனுப்பினார் அவர். இரண்டு வருடம் கழித்து அவர் படம் வந்தது. அக்காவும் தங்கையும் தியேட்டரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஒருத்தி சுவரைப் பார்த்துச் சுடுதண்ணீரைப் பற்றிச் சொன்னபோது அக்கா அவள் கையைப் பிடித்தாள். கதை, திரைக்கதை, வசனம் எல்லாம் பெரியவர் பெயரில்.

மறுநாளே அவர் அலுவலகத்தில் போய் நின்றாள். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை.

"கதைங்கிறது காத்து மாதிரிம்மா. உன் மூக்கு வழியா வந்துச்சு, என் வாய் வழியா போச்சு. அதுக்கு யாராவது சொந்தம் கொண்டாடுவாங்களா? நீ டப்பிங்கையே பாரு. அடுத்தவங்க வாய்க்கு எழுதத்தான் உனக்கு வரும்."

வாசலில் நின்று செருப்பைப் போட்டாள். அதற்குள் ஒன்று முடிவாகிவிட்டது. இவர் வாய்க்கே எழுதுகிறேன்.

மூன்று வருடம் எழுதினாள். மாணவியின் ஆராய்ச்சியைத் திருடித் தன் பெயரில் வெளியிடும் ஒரு பேராசிரியரின் கதை. பெரியவரின் பேட்டிகளையெல்லாம் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தாள். எந்த எழுத்தை இழுப்பார், பொய் சொல்லும் முன் எங்கே மூச்சு விடுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியானது. அந்த நேரத்தில் பெரியவரின் இரண்டு படங்கள் மண்ணைக் கவ்வின. அவர் நடிக்க வந்துவிட்டார்.

புதிதாகப் படம் எடுக்கக் கிளம்பிய இளைஞன் ஒருவனிடம் கதை போனது. அவன் பெரியவரிடம் ஏழு வருடம் உதவியாளனாகக் குப்பை கொட்டியவன். பாதி படித்ததுமே நிமிர்ந்து பார்த்தான்.

"பேராசிரியரா அவர்தான் நடிக்கணுமாக்கா?"

"அவர் மட்டும்தான்."

"கண்டுபிடிச்சுட்டா?"

"கண்டுபிடிக்கட்டும்."

படப்பிடிப்பில் அந்தக் காட்சி வந்தது. வார்த்தைக்கு வார்த்தை அவர் அன்று சொன்னதுதான். 'கதை' இருந்த இடத்தில் 'அறிவு' என்று மட்டும் மாற்றியிருந்தாள். முதல் டேக்கிலேயே அசத்தினார். இளைஞன் அவளைத் திரும்பிப் பார்த்தான். இன்னொன்று என்று விரலைக் காட்டினாள். ஒன்பது டேக் வாங்கினாள். எங்காவது ஒரு சொல்லில் அவர் நாக்கு தடுக்கும், முகம் வெளுக்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. முடித்துவிட்டு அவளிடமே வந்தார்.

"வசனம் பிரமாதம்மா. எந்தப் பாவி இப்படிப் பேசினான்?"

மறந்துவிட்டிருந்தார். அவளையும் மறந்திருந்தார், சொன்னதையும் மறந்திருந்தார். திருடியதைவிட இது அவளுக்கு அதிகமாக வலித்தது. மூன்று வருடம் அவள் சுமந்தது அவருக்குத் தும்மலுக்குக்கூடச் சமானமில்லை.

"ஒரு பெரிய மனுஷன் சார்" என்று மட்டும் சொன்னாள்.

முன்னோட்டக் காட்சிக்கு, பெரியவரிடம் வேலை பார்த்த பழைய உதவியாளர்கள் எல்லோரையும் இளைஞன் அழைத்திருந்தான். பெரியவர் மனைவியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கமா பக்கவாட்டில் சுவரோரம் நின்றுகொண்டாள்; அங்கிருந்து அவர் முகம் தெரியும்.

காற்று, மூக்கு, வாய் என்று அந்த வசனம் வந்தது. பின்வரிசையில் யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். அடுத்தவன் தொடர்ந்தான். பத்துப் பதினைந்து பேர், சிரிக்க ஒன்றுமே இல்லாத இடத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அத்தனை பேரும் ஒருகாலத்தில் அதைப் பெரியவர் வாயாலேயே கேட்டவர்கள். பெரியவர் திரும்பிப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் குனிந்தார். சிரிப்பில் ஒன்றும் காதில் விழவில்லை. உதட்டைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் சொன்னதா, என்று கேட்டார்.

ஆமா, என்றாள் அந்த அம்மாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இடைவேளைக்குப் பின் அந்த இரண்டு இருக்கைகளும் காலி.

அன்று சிரித்தவர்களில் நான்கு பேர் பிறகு வாய் திறந்தார்கள். அவளுடைய பழைய கையெழுத்துப் பிரதியைப் பெரியவர் மேசையில் பார்த்ததாக எழுத்தாளர் சங்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பதினோரு மாத இழுபறி. போதும்டி, விட்டுரு என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அவள் விடுவதாக இல்லை. கடைசியில், அந்தப் பழைய அக்கா தங்கை படத்தின், இணையத்தில் ஓடும் பிரதியில் கதை அவளுடையது என்று போட வேண்டும், பெரியவர் ஒப்புதல் கடிதம் தர வேண்டும் என்று தீர்ப்பானது. கடிதத்தைத் தபாலில் அனுப்புவதாகச் சங்கத்தில் சொன்னார்கள். வேண்டாம், என் கண்ணெதிரில் கையெழுத்துப் போடட்டும் என்றாள்.

சங்க அலுவலகத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் இளைத்திருந்தார். பேனா முதலில் எழுதவில்லை. செயலாளர் வேறு பேனா கொடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"இப்ப திருப்திதானே?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். இரக்கம் வருகிறதா என்று தேடிப் பார்த்தாள். வரவில்லை.

"இல்ல சார். அடுத்த படத்தை நானே டைரக்ட் பண்றேன். அதுலயும் உங்களுக்கு ஒரு வேஷம் இருக்கு."

கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு மணிக்கு டப்பிங் இருந்தது.