வடகிழக்கு மூலையில் தேங்கிய தண்ணீர்

வாசுதேவன் சிறிக்குக் கொடுக்கவேண்டியிருந்த கடன் பதினெட்டாயிரம் டொலர். பன்னிரண்டு கராஜ்களுக்குத் தளம் போட்ட கூலி அது. யாருடைய மனமும் நோகக்கூடாது என்று பெயரை மாற்றி எழுதுகிற பழக்கம் எனக்கில்லை. நோகட்டும்.

நான் அருந்தவன். படித்தது ஐந்தாம் வகுப்பு. டூங்கபியில் இரண்டு வீடு வைத்திருக்கிறேன், இரண்டிலும் வங்கிக்கு ஒரு சதம் பாக்கியில்லை. கொங்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடித்துக் கொடுப்பது என் தொழில். சிட்னியின் மேற்குப் பக்கம் நிமிர்ந்து நிற்கிற எத்தனையோ கட்டடங்கள் முதலில் என் பலகையில்தான் சாய்ந்து நின்றன. செவன் ஹில்ஸ் பக்கம் பலகை அடுக்கி வைக்க ஒரு பெரிய காணி வைத்திருந்தேன். முழங்கால் போன பிறகு அதை விற்றேன். வாங்கியவர்கள் வாசுதேவனும் அவனுடைய கூட்டாளிகளும். விலையில் ஒரு பங்குக்குப் பதிலாக அங்கே கட்டப்போகிறதில் ஒன்று எனக்கு என்று பேச்சு.

என்ன கட்டப்போகிறார்கள் என்று ஸ்ட்ராத்ஃபீல்டில் அவன் வீட்டில் பெரிய டிவியில் போட்டுக் காட்டினார்கள். வீடில்லை, கடையில்லை, பட்டறையுமில்லை. காரை வைத்து விளையாடுகிற இடம். ஆளுக்கொரு கராஜ், ஆளுக்கொரு உறுதிப்பத்திரம், நடுவில் பொதுப் பாதை. ஒவ்வொன்றுக்கும் மேல்தட்டு, குளிர்பெட்டி, கழிப்பறை, தோல் சோபா. சோபாவில் சாய்ந்தபடி கீழே நிற்கிற காரைப் பார்க்கக் கண்ணாடித் தடுப்பு. ஒரு பல் வைத்தியர், காருக்குக் குளிராமல் தரையில் சூடு வைக்கலாமா என்று கேட்டார். சிரிப்பதற்குக் கேட்கவில்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஹோம்புஷில் ஒரு கராஜில் ஏழு பேர் படுத்தோம். இரவில் கழிப்பறைக்குப் போக வீட்டுக்காரனைத் தட்டி எழுப்பித் திறப்பு வாங்கவேண்டும். இதை அந்தக் கூட்டத்தில் சொன்னேன். "சூப்பர் ஸ்டோரி அங்கிள், ஓப்பனிங் அன்னிக்கு இதை நீங்க பேசணும்" என்றான் வாசுதேவன்.

தளம் போட ஒரு நல்ல ஆள் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். சிறியைச் சொன்னேன். இந்தத் தொழிலில் சிறியைச் சொல்லாமல் வேறு ஆளைச் சொல்கிறவனுக்குக் கண் தெரியாது.

சிறி முல்லைத்தீவுக்காரன். ஊரில் பஸ் கொண்டக்டர். படகில் வந்து, தடுப்பு முகாமில் கிடந்து, வெளியே விட்டபோது கையில் ஒரு பையும் ஒரு தற்காலிக விசாவும் மட்டும். நான்தான் அவனை வேலைக்கு எடுத்தேன், நான்தான் பழக்கினேன். ஆனால் அந்தக் கொண்டக்டர் தொண்டையை என்னால் மாற்ற முடியவில்லை. கொங்கிரீட் லொறி பின்னுக்கு வரும்போது அவன் போடுகிற சத்தத்தில், வவுனியா பஸ் புறப்படுகிறது என்று பக்கத்துத் தெருவில் ஆட்கள் ஓடி வருவார்கள். தலைக்குக் கறுப்பு மை அடிக்காமல் வேலைக்கு வரமாட்டான். கொங்கிரீட் இறுகும் வரைக்கும் தன்னுடைய பிளாஸ்டிக் கதிரையை நிழலில் போட்டுக்கொண்டு, மனைவி ரஞ்சினி கட்டிக் கொடுத்த புட்டையும் மீன் குழம்பையும் சாப்பிடுவான். அந்த நேரம் பேச்சுக் கொடுத்தால் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டுவான். பிறகு எழுந்து பெருவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, ஹெலிகொப்டர் என்று நாங்கள் சொல்கிற மெருகு மெஷினை இறக்குவான். யாராவது அப்போது தளத்தில் கால் வைத்தால் சப்பாத்து பறந்து வரும். என் மேலேயும் ஒருமுறை வந்தது.

கராஜ்களின் கதவுகள் எல்லாம் மேற்குப் பார்த்தவை. கதவுக்கு வெளியே பாதை ஓரமாக வடிகால். காரைக் கழுவினால் தண்ணீர் கதவுப் பக்கம் ஓடி வடிகாலில் விழவேண்டும். தரையின் சரிவு அப்படித்தான் வரைபடத்தில் இருந்தது. கொங்கிரீட் ஊற்றுவதற்கு முதல்நாள் வாசுதேவன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். சென்னையில் யாரோ ஒரு வாஸ்துக்காரர் வீடியோவில் பார்த்தாராம். தண்ணீர் வடகிழக்குக்குத்தான் ஓடவேண்டுமாம். மேற்கே ஓடினால் பணமும் அதோடு ஓடிவிடுமாம்.

வடகிழக்கு என்றால் கராஜின் பின் மூலை. அங்கே இருப்பது சுவர். நான் என் அனுபவத்தையெல்லாம் திரட்டிச் சொன்னேன். சிறி தன் பங்குக்கு, அந்த மூலையில் மீன் வளர்க்கலாம் என்றான். வாசுதேவன் அசையவில்லை. மூலையில் பிறகு ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளலாம், நான் பொறுப்பு, நீங்கள் செய்யுங்கள் என்று எங்கள் இருவருக்கும் முன்னால் சொன்னான். காசு கொடுப்பவன் அவன். விடிந்ததும் லொறிகள் வரப்போகின்றன. சிறி இரவோடு, சரிவுக்கு அடையாளமாக அடித்திருந்த மட்டக்கம்பிகளை மாற்றி, அவன் கேட்டபடியே போட்டுக் கொடுத்தான்.

ஓட்டை யாரும் போடவில்லை. திறப்பு விழாவில் அடுப்பு வைத்துப் பால் காய்ச்சினார்கள், கார் நிற்கிற இடத்தில். மத்தியானம் எல்லாரும் சேர்ந்து கார் கழுவினார்கள். சோப்புத் தண்ணீர் பின்னுக்கு ஓடி மூலையில் குளமாக நின்றது. பல் வைத்தியரின் சோபாவின் கால்கள் ஊறின. எல்லாரும் வாசுதேவனைப் பார்த்தார்கள். அவன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "சிறி அண்ணா சரிவை மாத்திப் போட்டுட்டார். சரி பண்ணாம பேமெண்ட் கிடையாது" என்றான்.

சீ. ஒரு மனிதன் இப்படியும் பொய் சொல்லலாமா என்று நான் அங்கேயே எழும்பிக் கேட்டேன். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தளத்துக்கான பங்கை அவர்கள் ஏற்கெனவே வாசுதேவன் கையில் கொடுத்திருந்தார்கள். அவன் பக்கம் நிற்காவிட்டால் திரும்பவும் கொடுக்கவேண்டி வரும் என்ற பயம். படித்த முகங்கள் எல்லாம் பத்துப்பேர் கைதுடைத்த துவாய் மாதிரி இருந்தன.

எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. எங்களுடைய ஆட்களுக்குள் எதற்கு எழுத்து என்று தொடக்கத்தில் சொன்னதும் வாசுதேவன்தான். சிறி கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்தான். இரண்டு தரம், அனுப்பிவிட்டேன், பாங்கில் மாட்டிக்கொண்டது என்று பதில் வந்தது. காசு வரவில்லை. கூட வேலை செய்த இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கச் சிறி சாமான் ஏற்றுகிற தன்னுடைய யூட்டை விற்றான். யூட் இல்லாத கொங்கிரீட்காரனை யார் கூப்பிடுவார்கள்? ரஞ்சினியின் சின்ன யாரிஸ் காரில் ஹெலிகொப்டரை ஏற்றினான். கைபிடி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு போனது. பொலிஸ் பிடித்துத் தண்டம் எழுதினார்கள். அதற்குப் பிறகு வேலை இல்லை. காசை நான் தருகிறேன் என்றேன். எனக்கு அது பெரிய காசில்லை.

"உங்கட காசு எனக்கேன் அண்ணை? அவன்ர காசு வேணும். பிழை விட்டவன் எண்ட பேரை வைச்சுக்கொண்டு யூட் வாங்கி எங்க ஓடுறது?"

அதோடு எனக்கும் விளங்கியது.

வாசுதேவனிடம் ஒரு சிவப்புக் கார் இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய பழைய கார். வருடத்தில் ஒரு நாள் அது கராஜை விட்டு வெளியே வரும், ஹெலன்ஸ்பர்க் கோயிலில் பூசை போட. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சிறியை ஏற்றிக்கொண்டு போனேன். கார் தரிப்பிடத்தில் வாசுதேவனும் மனைவி விமலாவும் பட்டு உடுத்திக்கொண்டு நின்றார்கள். ஐயர் மாலை போட்டு, சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தினார். சிறி நேரே போய் முன்னால் நின்றான்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ" என்றான் ஐயரிடம். பிறகு வாசுதேவனைப் பார்த்தான். சத்தம் போடவில்லை. அந்தத் தொண்டையில் அவ்வளவு தாழ்ந்த குரல் இருப்பது எனக்கே தெரியாது.

"சரிவை நான் பிழையா விட்டனான் எண்டு ஊரெல்லாம் சொல்லுறீங்கள். இந்தக் கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ. எனக்கு ஒரு சதம் வேண்டாம். பன்னிரண்டையும் உடைச்சு, சும்மா போட்டுத் தாறன்."

"அண்ணா, இது கோயில். பிசினஸ் மேட்டர் இங்க வேணாம்."

"கோயில் எண்டபடியாத்தான் கேக்கிறன்."

வாசுதேவன் சுற்றிப் பார்த்தான். பூசைக்கு வரிசையில் நின்ற மற்றக் கார்க்காரர்கள் கிட்ட வந்துவிட்டார்கள். அவன் கை உயர்ந்தது. நெருப்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வந்து நின்றது. தண்ணீர் எந்தத் திசையில் ஓடினால் காசு போகும் என்று சென்னைக்குப் போன் போட்டுக் கேட்டவன் அல்லவா? எங்களை ஏமாற்றுவான், மற்றப் பத்துக் கூட்டாளிகளையும் ஏமாற்றுவான். அந்த நெருப்பை ஏமாற்ற அவனால் முடியவில்லை.

"கையை எடுங்க" என்றாள் விமலா. "வாஸ்துக்காரர்கிட்ட நீங்க பேசினப்போ நானும் கார்ல இருந்தேன். எனக்குக் காது கேக்கும்."

கை கீழே இறங்கியது. தளம் தான் சொன்னபடிதான் போடப்பட்டது என்று முணுமுணுத்தான். வரிசையில் நின்ற ஒருவர் அதைத் திருப்பிச் சொல்லும்படி கேட்டார். திருப்பியும் சொன்னான். நாளைக்கே டிரான்ஸ்ஃபர் போட்டுவிடுவதாகச் சேர்த்துச் சொன்னான்.

"தம்பி, உங்கட டிரான்ஸ்ஃபர் ரெண்டு தரம் வெளிக்கிட்டு வந்து சேரேல்லை. காசாக் கொண்டு வாங்கோ" என்றேன் நான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கராஜ் வாசலுக்கு வந்தான். விமலாவும் வந்திருந்தாள், அவள்தான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தவள் போலிருந்தது. பாங்க் உறையை அப்படியே நீட்டினான். சிறி அதை வாங்கவில்லை. வலது கையை விரித்துப் பிடித்தான். சீமெந்து தின்ற கை, ரேகையெல்லாம் வெள்ளையாக வெடித்திருந்தது.

"எண்ணித் தாங்கோ."

வாசுதேவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. உறையைக் கிழித்து, பச்சை நூறு டொலர் தாள்களை ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கினான். பிளாஸ்டிக் தாள்கள் வழுக்கின. நடுவில் எண்ணிக்கை தவறிப்போய் முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. சிறி கையை மடக்கவில்லை, ஆட்டவில்லை, கடைசித் தாள் வந்து மேலே விழும்வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.