ஒரு படத்துக்கு இரண்டு ரீச்சர்மார்

புகைப்படங்களுக்கு விளக்கம் சொல்வதைப் போல நன்றியற்ற பணி வேறொன்றில்லை: எடுத்தவருக்குப் பெயர் இருக்கிறது, பார்ப்பவருக்குக் கண் இருக்கிறது, இடையில் நிற்கும் நமக்கோ கையில் ஒரு பிரம்பு மட்டுமே இருக்கிறது. பிறர் செய்ததைப் பிறருக்கு எடுத்துச் சொல்லிக் கால் கடுத்த வாசகர்கள் எவரேனும் இருந்தால், அவர்கள் என் நிலையை உடனே உணர்வார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற நான், முல்லைத்தீவில் பழைய நெற்களஞ்சியம் ஒன்றைப் புதுக்கி நடத்திய நவீன புகைப்படக் கண்காட்சியில் மூன்று மாதம் விளக்குநராகக் கடமையாற்றினேன். முள்ளியவளையிலிருந்து காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருவேன். என்னோடு இன்னொருவரையும் அமர்த்தியிருந்தார்கள் என்பதிலிருந்தே என் துன்பம் தொடங்குகிறது.

பிரம்பு

அந்த இன்னொருவர் நஸீமா ரீச்சர். மனையியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். நெடுங்காலம் புத்தளத்தில் இடம்பெயர்ந்து வாழ்ந்து, பின் ஊர் திரும்பியவர். நான் ஒவ்வொரு படத்துக்கும் நோக்கம், பின்னணி, குறியீடு, முடிவு என நான்கு தலைப்புகளில் பாடக்குறிப்பு எழுதிக் கொண்டு போனேன். அவர் வெறுங்கையோடு வந்தார். தமிழ் படித்த ஒருத்தி நிற்கும் கூடத்தில் தையல் கற்பித்தவருக்கு என்ன வேலை என்று முதல் நாளே நினைத்தேன். நினைத்ததை இன்று மறைப்பதில் பயனில்லை.

அன்றே பொறுப்பாளர் ஒரு செய்தியும் சொன்னார். கண்காட்சியின் நடுச்சுவரை நிறைத்திருந்த படங்கள், வவுனியாவில் பிறந்து வெளிநாடுகளிலும் பெயர்பெற்ற ஒரு பெண் எடுத்தவை. அவர் கடைசி நாளில் வருவார். தம் படங்களை நூலாக வெளியிடப் போகிறார். அதற்கு விளக்கவுரை எழுத எங்கள் இருவரில் ஒருவரைத் தாமே தெரிவு செய்வார். வாழ்நாள் முழுவதும் பிறருடைய நூல்களைக் கற்பித்தவளுக்கு, ஒரு நூலின் முன்பக்கத்தில் தன் பெயரைக் காணும் ஆசை எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் வந்தவன் என் பழைய மாணவன். இப்போது பஸ் நடத்துநர். அவனை நிறுத்தி வைத்து ஒரு படத்துக்குக் கால் மணிநேரம் விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே இருந்தவன், மெல்ல நஸீமா ரீச்சர் நின்ற பக்கம் நழுவினான். போகும்போது என்னிடம் வந்து சொன்னான்: “கோவிக்காதேங்கோ ரீச்சர். நீங்கள் படத்தைப் பார், படத்தைப் பார் எண்டு சொன்னாலும் என்ரை கண் பிரம்பிலைதான் நிக்குது.”

சட்டைக் கை

வெளிநாட்டு முதியவர் ஒருவர் எடுத்த படம்: யன்னலோரம் ஒரு பெண் நிற்கிறாள், பாதி முகத்தில் ஒளி, பாதி முகத்தில் நிழல். ஒளி என்பது அவள் விரும்பிய வாழ்க்கை, நிழல் என்பது அவளுக்கு வாய்த்தது என்று நான் நிறுவியிருந்தேன். முள்ளியவளைத் தாய்மார் சங்கத்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்து மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர் கொட்டாவியைக் கையால் மறைத்ததையும் கண்டேன்.

அப்போது நஸீமா ரீச்சர் பின்னாலிருந்து, “வலது கையைப் பாருங்கோ. சட்டைக்கும் கைக்கும் ஒரே துணி இல்லை. ரெண்டு பழஞ்சட்டையை வெட்டி ஒண்டாக்கியிருக்கிறா. பூ ஒத்துவரவேணும் எண்டு எவ்வளவு மினக்கெட்டிருப்பா!” என்றார். பன்னிரண்டு தலைகளும் ஒன்றாக முன்னே குனிந்தன. ஒருவர் அழுதுவிட்டார். நான்கு நாள் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று எழுதிய எனக்கு அந்தக் கை தென்படவே இல்லை. நிழலைப் பார்த்த அவசரத்தில் பெண்ணைப் பார்க்கத் தவறிவிட்டேன். வெளியேறும்போது சங்கத் தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்களும் நல்லாய்ச் சொன்னியள், ரீச்சர்” என்றார்.

ஆடிப்போன படம்

இன்னொரு கலைஞர் ஓடும் பஸ்ஸின் யன்னலூடாக எடுத்த படங்களில் எல்லாமே கலங்கலாக இருக்கும். காலம் நம் கையில் நிற்பதில்லை என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று உண்டோ என்று, கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் ஒரு ஸ்ரூடியோக்காரரிடம் கேட்டேன். அவர் நஸீமா ரீச்சரைப் பார்த்தார். நஸீமா ரீச்சர் சிரித்துக்கொண்டு, “ஓம், ஆடித்தான் போச்சு” என்றார். அவ்வளவுதான், இருவரும் அரைமணிநேரம் பழைய சிநேகிதர்களைப் போலக் கதைத்தார்கள். எனக்கு அவர் விட்டுச் சென்றது இந்த ஒரு வசனம்: “இப்பிடி ஒரு படத்தை நான் கொண்டுபோய்க் குடுத்தா, மாப்பிளை வீட்டார் என்னை மணவறையிலையே கட்டி வைச்சு உதைப்பினம்.”

மஞ்சள் கதிரை

நடுச்சுவரில் மிகப் பெரிய படம் அதுதான். கடற்கரை மணலில் ஒரு மஞ்சள் பிளாஸ்ரிக் கதிரை. ஆளில்லை. அலைகூட இல்லை. இந்தக் கரையில் ஒரு வெற்றுக் கதிரை எதைச் சொல்லும் என்று எங்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. இல்லாமல் போனவர்களைப் பற்றி அதற்கு ஒன்பது பக்கம் எழுதியிருந்தேன். விளக்கவுரைக்கு என்னைத் தெரிவு செய்வதாயின் இந்த ஒன்பது பக்கத்தால்தான் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை.

ஒரு நாள் கடற்றொழில் செய்யும் முதியவர் ஒருவர், கழுத்தில் செபமாலையோடு வந்து அந்தப் படத்துக்கு முன் நின்றார். நான் ஆறாம் பக்கத்துக்கு வந்தபோது நஸீமா ரீச்சர் குறுக்கிட்டு, “ஐயா, அந்தப் பின்னங்காலை வலைநூலாலை கட்டியிருக்கு, கண்டியளோ? ஆரோ பாரமான ஆள் தினமும் இருக்கிற கதிரை” என்றார். முதியவரின் முகம் மலர்ந்தது. “நான்தான் கட்டினனான்! அது என்ரை கதிரை. படம் எடுத்த பிள்ளை, ‘ஐயா, ஒருக்கா எழும்பி அங்காலை நில்லுங்கோ’ எண்டு சொல்லிச்சுது. நான் அங்காலை நிண்டு சுருட்டுப் பத்தினனான்” என்றார். கூடமே சிரித்தது. மீதி மூன்று பக்கங்களை மடித்து வைத்தேன். அவர் போகுமுன் எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்திருக்க வேண்டும்: “நீங்கள் சொன்னதும் பிழையில்லை, பிள்ளை. ஆனா நான் இன்னும் சாகேல்லை.”

சிவப்பு மை

வாசலில் பார்வையாளர் கருத்தெழுதும் கொப்பி ஒன்று இருந்தது. வலப்பக்கத்தில் மட்டும் எழுதுவது வழக்கம். நஸீமா ரீச்சர் நண்பகல் தொழுகைக்குப் போகும் நேரத்தில் அதைத் திறந்து பார்ப்பேன். ‘நஸீமா ரீச்சர் நல்லாய்ச் சொன்னா.’ ‘நஸீமா ரீச்சருக்கு நன்றி.’ ‘நஸீமா ரீச்சரின் விளக்கம் மிக அருமை.’ பொறாமை என்னும் சொல்லை எத்தனையோ வகுப்புகளுக்கு விளக்கியிருக்கிறேன். நெஞ்சுக்குள் அது மிளகாய்த்தூளைப் போல இருக்கும் என்று அப்போதுதான் அறிந்தேன்.

என் கை தானாகப் பையிலிருந்த சிவப்புப் பேனையை எடுத்தது. ‘எது அருமை? விளக்குக. 3/10.’ ‘எதைக் கண்டீர் என்று குறிப்பிடவில்லை. மீண்டும் எழுதுக.’ கதிரைக்கார முதியவர், ‘கதிரை எனது. நஸீமா ரீச்சர் கெட்டிக்காரி’ என்று எழுதியிருந்தார். அதன் கீழே, ‘நீர் எழுந்த பின் கதிரை எதைச் சொல்கிறது? 2/10’ என்று எழுதினேன். என்னைப் பாராட்டிய கருத்துகளில் கை வைக்கவில்லை. அவை நான்குதான் இருந்தன. பத்துக்குப் பத்து என்று எழுதிக் காட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. கூட்டித் துப்பரவாக்கும் பெண் ஒரு நாள் என் விரலில் சிவப்பைக் கண்டுவிட்டுக் கேட்டாள்: “பென்சன் எடுத்தாப் பிறகும் உங்களுக்குத் திருத்திற வேலை குடுக்கினமோ, ரீச்சர்?”

கடைசி நாள்

படமெடுத்த பெண்மணி வந்தார். என் ஒன்பது பக்கங்களையும் பொறுமையாகக் கேட்டார். நஸீமா ரீச்சரோடு சுவர் சுவராக நடந்தார். பிறகு வாசலில் அமர்ந்து கருத்துக் கொப்பியைத் திறந்தார். ஒரு மணிநேரம் எழும்பவே இல்லை. எத்தனையோ பிள்ளைகளை ‘யார் செய்தது, எழும்பு’ என்று நிறுத்தி வைத்த நான், அன்று சிவப்புப் பேனையைப் பையின் அடிக்குத் தள்ளினேன்.

எங்கள் இருவரையும் கூப்பிட்டு, “இதிலை சிவப்பாலை கேள்வி கேட்டது ஆர்?” என்றார். நஸீமா ரீச்சர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மரியாதைதான் என்னைப் பேச வைத்தது. “நான்தான்” என்றேன்.

அவர் இடப்பக்கங்களைத் திருப்பிக் காட்டினார். திருத்திய தாளைத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் எனக்கில்லை. ஆகவே அவற்றை நான் கண்டதே இல்லை. ‘மீண்டும் எழுதுக’ என்று சிவப்பில் கண்டவர்களும், கண்டவர்கள் சொல்லக் கேட்டவர்களும், எங்கள் பள்ளிக்கூடங்களில் வளர்ந்தவர்கள் அல்லவா, மீண்டும் வந்து, மீண்டும் பார்த்து, எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். சங்கத்துப் பெண் ஒருவர், சட்டைக் கையின் பூவைப் போன்ற பூ தன் தங்கையின் பாவாடையில் இருந்ததாக ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தார். கதிரைக்காரர் எழுதியிருந்தது இது: ‘ரீச்சர் கேட்டதாலை திரும்ப வந்து பார்த்தனான். கதிரையை நான் இல்லாமல் முந்தி ஒருநாளும் பார்த்ததில்லை. நான் போனாப் பிறகும் அது இப்பிடித்தான் கடலைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். என்ரை தம்பியின்ரை கதிரையும் இப்பிடித்தான் கிடந்தது. பிள்ளை என்னை எழும்பச் சொன்னது சரி.’

“விளக்கவுரை வேண்டாம்,” என்றார் பெண்மணி. “இந்தப் பக்கங்களை அப்பிடியே போடப்போறன். சிவப்பு மையோடை.”

பஸ் தரிப்பிடத்தில் நானும் நஸீமா ரீச்சரும் அருகருகே நின்றோம். நூலில் அவருடைய பெயர் பக்கத்துக்குப் பக்கம் வரும். சிவப்பு மைக்குக் கையொப்பம் கிடையாது. பஸ் வருவது தெரிந்தபோது அவர் சொன்னார்: “நான் சொன்னதைக் கேட்டுட்டுச் சனம் வீட்டை போயிட்டுது, ரீச்சர். நீங்கள் கேட்டதுக்குத்தான் திரும்பி வந்திருக்கு. மூண்டு மாதமும் எனக்கு ஒண்டும் இல்லை. இண்டைக்கு உங்களிலை வயிறு எரியுது.”

எதில் தோற்றாலும் பொறாமையில் முதலிடம் எனக்கே என்று மூன்று மாதம் நிம்மதியாக இருந்தேன். கடைசியில் அதிலும் பங்குக்கு வந்து நின்றார் நஸீமா ரீச்சர்.