தெருவோரம் நின்ற மகள்

ஹைஃபாவில் த்வோஷாவின் வீட்டுக்கு ஆவணப்படம் எடுக்க வந்தவர்கள் துப்பாக்கிகளைப் பற்றிக் கேட்டபோது அவள் தயங்காமல் பதில் சொன்னாள். அம்மாவைப் பற்றிக் கேட்டதும், "அதை அண்ணிகிட்ட கேளுங்க. அவங்கதான் கூட நடந்தாங்க" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த அண்ணி நான்தான்.

போலந்தின் பியாலிஸ்டாக்கில் யூதர்களான எங்களை ஜெர்மானியர்கள் வேலிக்குள் அடைத்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. பொன்னிற முடி, பிசிறில்லாத போலிஷ் பேச்சு. எங்கள் ரகசிய இயக்கம் அவளை ஹலினா என்று பெயர் மாற்றி, கிறிஸ்தவப் பெண்ணாக வெளியே அனுப்பியது. ஒரு ஜெர்மன் அதிகாரியின் வீட்டில் வேலைக்காரியானாள். அவனுடைய தோட்டாக்களைத் திருடி, ரொட்டிக்குள் பொதிந்து, வேலியின் ஓட்டை வழியாகக் கொண்டுவருவாள்.

"வெளியில நீயாவது நிம்மதியா இருக்கே" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன்.

"என்ன நிம்மதி அண்ணி? தூக்கத்துல நம்ம பாஷையில உளறிடுவேனோன்னு வாயில துணி கட்டிக்கிட்டுப் படுக்குறேன். இங்கேயே இருந்துடட்டுமா?"

அவள் அம்மா ஹென்யா, என் மாமியார், அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "இருக்குற வாய்க்கே உருளைக்கிழங்குத் தோல்தான் மிச்சம். போடி!"

1943 ஆகஸ்டில் எங்களைக் கொலை முகாமுக்குப் போகும் ரயிலுக்கு ஓட்டிச் செல்ல வந்தார்கள். எங்கள் இயக்கத்துப் பிள்ளைகள் திருப்பிச் சுட்டார்கள். தோட்டா தீர்ந்ததும் எல்லாம் முடிந்தது. அத்தையும் நானும் கைகோத்து வரிசையில் நடந்தோம். தெருவோரக் கூட்டத்தில், எஜமானியின் கூடையைச் சுமந்தபடி த்வோஷா நின்றிருந்தாள். அம்மாவைக் கண்டதும் அவள் கால் தானாக ஓரடி முன்னால் வந்துவிட்டது. எஜமானி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

அத்தை போலிஷில் கத்தினாள்: "என்னடி வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்குற, பன்னி தின்னி! நாங்க சாகப் போறது உனக்கு வேடிக்கையா? போயி உன் எஜமானி செருப்பத் துடை!"

காறித் துப்பவும் செய்தாள். கூட்டம் சிரித்தது. எஜமானியும் சிரித்தாள். த்வோஷாவும் சிரித்தாக வேண்டியிருந்தது. சிரித்தாள். காவலாளி அத்தையின் முதுகில் துப்பாக்கிக் கட்டையால் இடித்தான்.

சரக்குப் பெட்டிக்குள் நிற்கத்தான் இடம், மூச்சு முட்டியது. அத்தை என் காதோடு சொன்னாள்: "பாத்தியா, கன்னத்துல சதை போட்டிருக்கு. நல்லாத் திங்கிறா."

ஜன்னல் கம்பியை யாரோ பெயர்த்ததும் அத்தை என்னைத் தூக்கிவிட்டாள். "நீதான் ஒல்லி. ஏறு." நான் குதித்தேன். அவளை ரயில் கொண்டுபோய்விட்டது.

காட்டிலிருந்த போராளிகளிடம் போய்ச் சேர்ந்தேன். பனிக்காலத்தில் அங்கே மருந்து கொண்டுவந்தாள் த்வோஷா.

"நான் சிரிச்சத அம்மா பாத்தாளா அண்ணி?"

ரயில் பெட்டிக்குள் அம்மா சொன்னதைச் சொன்னேன். பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இங்கேயே இருந்துடு" என்றேன்.

"மருந்து யாரு கொண்டுவருவா? எஜமானியம்மா வேற தேடும்." முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

அதன்பின் அந்த வீட்டில் அவளுக்குச் சோறே இறங்கவில்லையாம். என்ன நோய் என்று எஜமானி கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அடுத்த கோடையில் சோவியத் செஞ்சேனை ஊருக்குள் நுழையும்வரை அவள் ஹலினாவாகவே இருந்தாள்.