சிஞ்ஞோரா கேட்ட பாட்டு

இலங்கையில் போர் முடிந்து நாங்கள் இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த மூன்றாம் வருஷம் அது. சனிக்கிழமைகளில் அம்மா வேலைக்குப் போகும் வீட்டுக்கு நானும் ஒட்டிக்கொண்டு போவேன். கபோ சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய மாடிவீடு. வீட்டுக்கார அம்மாளை அந்த ஊர் வழக்கப்படி சிஞ்ஞோரா என்போம். அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினப் பெண்மணி. இசையமைப்பவர், புத்தகங்களும் எழுதியவர். இளவயதில் அவர் எழுதிய இசையை அவருடைய ஊரில் ஒரு அரங்கும் சீண்டவில்லையாம். தலை நரைத்த பிறகுதான் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாசித்தார்களாம். பத்து வயதில் எனக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அம்மா வேலை முடிக்கும்வரை அவர் எனக்குப் பியானோ சொல்லித் தருவார், அதுதான் பெரிது.

அம்மாவுக்கு இத்தாலிய மொழியில் நாலைந்து சொற்களுக்கு மேல் வராது. குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பதிலிருந்து டொக்டரிடம் வருத்தம் சொல்வது வரை அம்மாவின் வாய் நான்தான். கெட்டிக்காரி என்று எல்லோரும் மெச்சுவார்கள். அந்தக் கெட்டித்தனம் நாசமாய்ப் போக!

உடுப்பு அயன் பண்ணும்போது அம்மா எப்போதும் ஒரே தாலாட்டை முணுமுணுப்பார். ஒருநாள் பாடம் நடக்கும்போதே சிஞ்ஞோரா பென்சிலும் தாளுமாக எழும்பிப் போய் அம்மாவின் பக்கத்தில் நின்றார். அந்தப் பாட்டை முழுதாகப் பாடுவாரா என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார். எழுதி வைக்கப்போகிறாராம், அம்மாவின் பெயரையும் போடுவாராம். "என் அம்மாவும் பிறர் வீட்டில் துணி தேய்த்தவர்தான். அவர் பாடியதை நான் எழுதி வைக்கவில்லை" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னுடைய பாடநேரம், என்னுடைய சிஞ்ஞோரா!

"என்னவாம் பிள்ளை?" என்றார் அம்மா.

"உங்கட பாட்டு இடைஞ்சலா இருக்காம். நிப்பாட்டட்டாம்."

அம்மாவின் முகம் செத்துப்போனது. "ஐயோ, குறை நினைக்க வேண்டாமெண்டு சொல்லு. இனிப் பாடமாட்டன்."

நான் சிஞ்ஞோராவிடம் திரும்பி, அம்மாவுக்கு விருப்பமில்லையாம் என்றேன். அவர் அம்மாவுக்கு மரியாதையாகத் தலை குனிந்துவிட்டு வந்து பாடத்தைத் தொடர்ந்தார். அன்று நான் ஒரு பிழையும் விடாமல் வாசித்தேன்.

அதன்பிறகு அம்மா பாடவேயில்லை, எங்கள் வீட்டிலும்கூட. நான் பிறப்பதற்கு முன்னே எனக்கொரு அண்ணா இருந்ததையும், அவன் வன்னியில் ஷெல் பட்டுச் செத்ததையும் பல வருஷம் கழித்து மாமி சொல்லித்தான் அறிந்தேன். அது அவனுக்கென்று அம்மாவே கட்டிய தாலாட்டு. இடம்பெயர்ந்த ஓட்டத்தில் அவனுடைய படங்களெல்லாம் தொலைந்துவிட்டன. அவனுடையது என்று அம்மாவிடம் மிஞ்சியிருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான்.

சிஞ்ஞோரா ஊர் திரும்பி, அங்கேயே காலமாகிவிட்டார். போன மாதம் என் மகளை அம்மாவின் மடியில் கிடத்தி, "அந்தப் பாட்டைப் பாடுங்கோவன் அம்மா" என்று கேட்டேன்.

"மறந்துபோச்சு பிள்ளை" என்றார். பிறகு குழந்தையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "சிஞ்ஞோரா தங்கமான மனுசி. எவ்வளவு பாட்டுத் தெரிஞ்சவ! அவவுக்கே பிடிக்கேல்லையெண்டா, அது என்ன பாட்டாக்கும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஒருநாள் பாடத்துக்காகச் சொன்ன சின்னப் பொய் என்றுதான் பத்து வயதில் நினைத்திருந்தேன்.