சுண்டிப் பார்த்த அன்னம்

கேக் அலங்கார வகுப்பில் தேர்வன்று இருந்தவர்கள் பாடம் நடத்தும் செஃப், நான், அல்சூரிலிருந்து வந்து என்னோடு படித்த அக்கா. பீன்யா ஃபேக்டரியிலிருந்து அரைநாள் லீவில் வந்த அப்பா, வாசலில் நிற்க வேண்டியவர், மழைக்காக உள்ளே ஒதுங்கியிருந்தார். அம்மா வரவில்லை. அவள் வேலை செய்யும் வீட்டில் அன்று விருந்தாளிகள். அவள் தங்கச் சங்கிலியை விற்றுத்தான் எனக்கு ஃபீஸ் கட்டியிருந்தோம். நான் ஊதும் சர்க்கரை அன்னப்பறவையை எடுத்துவர, பஞ்சு பரப்பிய எவர்சில்வர் டப்பா ஒன்றை அப்பாவிடம் கொடுத்திருந்தாள்.

கேக் மேல் வைக்கும் அன்னம் சோப்புக் குமிழிபோல மெலிந்திருக்க வேண்டும் என்பார் செஃப். ஊதி முடித்ததை விரலால் சுண்டுவார். உடைந்தால் பாஸ். உடையாவிட்டால் கனம், ஃபெயில். சர்டிபிகேட் இல்லை, ஓட்டல் வேலையும் இல்லை. வீட்டில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்காவின் அன்னம் நொறுங்கி அவள் பாஸானபோது, அப்பா வாசலுக்குப் போய்க் குடையை உதறிக்கொண்டிருந்தார்; பார்க்கவில்லை.

என் முறை. கையுறைக்கு அனுமதி இல்லை. பழைய கொப்புளங்களின் மேலேயே சூடான சர்க்கரையை உருட்டிக் குழாயில் பொருத்தினேன். கைப்பம்பை அமுக்க அமுக்க அன்னத்தின் வயிறு உப்பியது. கழுத்தை இழுத்து வளைத்து, ஃபேன் காற்றில் ஆற்றினேன். அதன் வழியாக என் விரல் தெரிந்தது.

செஃப் அப்பாவின் காக்கிச் சட்டையைப் பார்த்தார். யாரென்று கேட்டார், சொன்னேன்.

"அப்போ நீங்களே சுண்டுங்க. பையன் மார்க்கு உங்க கையிலதான். ஒரே சுண்டு, அஷ்டே, அவ்வளவுதான்."

நான் வாய் திறந்தேன். பேசினால் ஃபெயில் என்றார்.

இரும்பு வார்ப்புகளைத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்குவதுதான் அப்பாவின் வேலை. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கைக்குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோலச் சுண்டினார். 'டிங்' என்றது. உடையவில்லை. அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா கெட்டியா இருக்கு சார்."

"கேட்டியா? உங்கப்பாவே சொல்லிட்டாரு, கெட்டின்னு," என்று செஃப் மார்க் தாளில் ஃபெயில் போட்டார்; அப்பா அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டார். அக்கா ஃபோனைப் பார்ப்பதுபோலக் குனிந்து சிரித்தாள்.

நானே சுண்டினேன். தூள் தூளானது. இரண்டாம் சுண்டு கணக்கில் வராது என்றார் செஃப்.

"ஏன்டா உடைச்சே? நல்லாத்தானேடா இருந்துச்சு," என்றார் அப்பா. பிறகு குந்தி உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கிப் பஞ்சின் மேல் வைத்தார்.

மழை ஈரத்தில் எல்லாம் கசிந்து, அம்மா திறந்தபோது டப்பாவில் பிசுபிசுத்த பஞ்சுதான் இருந்தது. நான் பாஸாகிவிட்டதாகவும், ஆத்திரத்தில் நானே உடைத்துக் கெடுத்துக்கொண்டதாகவும் அப்பா அவளிடம் சொன்னார். விதியை விளக்கினேன். உடைந்தால் எப்படிடா பாஸ் என்று இருவரும் கேட்டார்கள். இன்றும் நம்பவில்லை.

சங்கிலி விற்ற அறுபதாயிரம், மறுதேர்வுக்கு எட்டாயிரம், அந்த அரைநாளுக்கு அப்பாவின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது முந்நூற்றைம்பது. ஆக மொத்தச் செலவு அறுபத்தெட்டாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய்.