ரப்பர் செவுளும் மூன்று பக்கச் சுருக்கமும்

காப்புரிமை முகவர் என்று சொன்னால் ராயபுரத்தில் பாதிப் பேர் 'வீட்டு மனை வாங்கித் தருவீங்களா?' என்றுதான் கேட்கிறார்கள். சோதனைக்கூடத்திலிருந்து சட்டப் பக்கம் தாவிய என் இனத்தாரே, உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். நான் வேதியியலில் முனைவர். கண்டுபிடிப்புகளுக்கு உரிமை வாங்கித் தரும் ஒரு வக்கீலிடம் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

இருக்கலாம்

நான் எழுதிய முதல் விண்ணப்பத்தில், 'இந்தக் கலவை துருவைத் தடுக்கக்கூடும் என்று கருத இடமிருக்கிறது' என்று எழுதியிருந்தேன். ஆராய்ச்சியில் அப்படி எழுதினால்தான் மரியாதை. என் சீனியரான அந்த வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"என்னம்மா இது, உரிமை கேக்குற மாதிரியா இருக்கு? மன்னிப்பு கேக்குற மாதிரில்ல இருக்கு!"

அடைக்காத செவுள்

எண்ணூரிலிருந்து மணி வந்தார். படகு இன்ஜின் மெக்கானிக். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த முகத்துவாரத் தண்ணீர், இன்ஜினைக் குளிர்விக்க நீர் இழுக்கும் துளையை அடைத்து, நடுவழியில் படகை நிறுத்திவிடும். மணி பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரில் சாய்வாகக் கீறல் போட்டு, மீன் செவுள் மாதிரி, தண்ணீரை மட்டும் உள்ளே விடும் ஒரு மூடியை அந்தத் துளைக்குச் செய்திருந்தார். பிளேடு இருந்தால் யார் வேண்டுமானாலும் வெட்டிவிடலாம். அதனால் உரிமை கைக்கு வரும்வரை விஷயம் வெளியே போகக் கூடாது என்பது அவர் கவலை.

எனக்குக் கை பரபரத்தது. வாளியில் சாம்பல் கரைத்துப் பார்த்தேன். ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் அவர் படகிலும் ஏறிப் பார்த்தேன். நேர்க் கீறல் அடைக்கிறது, சாய்வுக் கீறல் அடைக்கவில்லை. ஏன் என்று அவரைத் துளைத்தேன்.

"ஏன்னு நீதான் மேடம் சொல்லணும். எனக்கு இன்ஜின் ஓடிகினு கீது, அது போதும்."

மூன்று பக்கம்

ஏன் என்று கண்டுபிடித்தும் விட்டேன். அந்தச் சந்தோஷத்தில், நான் படித்த கல்லூரியின் கருத்தரங்குக்குப் படத்தோடு மூன்று பக்கச் சுருக்கம் அனுப்பினேன். மணி பெயர் முதலில், என் பெயர் அடுத்து. ஒரு வியாழக்கிழமை டீ குடிக்கும்போது பெருமையாகச் சீனியரிடம் சொன்னேன். அவர் டம்ளர் பாதி வழியில் நின்றது. விண்ணப்பம் இன்னும் போகவில்லை. அதற்குமுன் கருத்தரங்குப் புத்தகத்தில் இது வெளியானால், அது புதியது இல்லை என்று உரிமையே மறுக்கப்படலாம். விலக்கு கேட்டு வாதாடலாம், கிடைப்பது நம் அதிர்ஷ்டம் என்றார். கருத்தரங்கை நடத்தும் பேராசிரியருக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னேன். அச்சாகிவிட்டது, மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லோர் கையிலும் கொடுத்துவிடுவோம் என்றார்.

"நீ சயின்டிஸ்ட் தானேம்மா, பேப்பர் வந்தா சந்தோஷப்படணும்!" என்று வேறு சொன்னார் பேராசிரியர்.

வியாழன் மதியம்

முழு விண்ணப்பத்துக்கு நேரமில்லை. முதலில் தற்காலிக விண்ணப்பத்தைப் போட்டு, அன்றைய தேதியைப் பிடித்துக்கொள்ளலாம் என்றார் சீனியர். நான் எழுத எழுத அவர் 'கூடும்', 'கருதலாம்' எல்லாவற்றையும் அடித்துக்கொண்டே வந்தார். கையெழுத்துப் போட மணி கிரீஸ் கையோடு ஓடி வந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

"என் மச்சானுக்கே காட்டாம சாக்கு போட்டு மூடி வெச்சிகினு கீறேன். நீ இன்னாடான்னா புக்கே போட்டுட்டியே!" என்று கத்தினார்.

மாலை ஐந்தரைக்குத் திரையில் விண்ணப்ப எண் வந்தது. சீனியர் நாற்காலியில் சாய்ந்தார். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். மணி அந்த எண்ணை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். படியிறங்கப் போனவர், வாசலில் திரும்பி நின்றார்.

"மேடம், அந்த புக்குல என் பேருதானே மொதல்ல கீது? எனக்கு ஒண்ணு எட்த்து வெய்யி."

முதலில் ஊருக்குச் சொன்னவருக்குப் பெயர், முதலில் விண்ணப்பித்தவருக்கு உரிமை என்ற இந்த ஒரு நாள் வித்தியாசம் புரிய, எனக்கு ஒரு முனைவர் பட்டம் பத்தவில்லை.